ஆறு மணிக் கதவு

1

இல்போ அந்தக் கதவை நாற்பத்தொரு முறை அழுத்தினான் என்று தொடங்குகிறேன். ஆனால் எண் சரிதானா என்று சந்தேகம். சைமியின் குறிப்பேட்டில் நாற்பத்தொன்று. என் நினைவில் பதினான்கு. பின்லாந்தின் தம்பெரே நகரத்தில், ஒரு பிப்ரவரியில், அந்த அறையில் நானும் இருந்தேன். சைமியின் கணினி விளையாட்டுக்கு வாக்கியங்கள் எழுதுவது என் வேலை. இந்தக் கதையில் ஒரு வாக்கியத்துக்கு நான் பொறுப்பு என்பதால் என் நினைவை அதிகம் நம்ப வேண்டாம்.

2

(கைவிட்ட தொடக்கம்: "சைமி தன் மணவாழ்க்கையை ஒரு வீடாகக் கட்டினாள், அதில்—" அழகாக இருந்தது. அதனாலேயே எடுத்துவிட்டேன்.)

சைமி ஒரு கணினி விளையாட்டு செய்துகொண்டிருந்தாள். சண்டையும் வெற்றியும் இல்லாத விளையாட்டு. ஆளில்லாத வீட்டுக்குள் நடக்கலாம், பொருள்களை எடுத்துப் பார்க்கலாம், அங்கே வாழ்ந்த இருவர் ஏன் பிரிந்தார்கள் என்று ஊகிக்கலாம். ஒருத்தி சைமி. மற்றவன் இல்போ. பிரிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

வீட்டுக் கடிகாரம் காலை ஆறு காட்டும்போதெல்லாம் வாசல் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்கும். சமையலறை மேசையில் ஒரு சீட்டு: 'இன்றும் சொல்லாமல் போய்விட்டான்.' அது நான் எழுதியது.

வெளியிடும் முன் சோதனைக்காக விளையாடிப் பார்த்தவர்கள் இல்போவை வெறுத்தார்கள். "ஏழு வருஷம் இந்த மரக்கட்டையோடயா இருந்தா?" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். "எங்கப்பாவும் இப்படித்தான்" என்று இன்னொருவர். சைமி முதலில் அவற்றைக் காபி நேரத்தில் எங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். ஒரு மாதத்துக்குப் பின் மனதுக்குள் படித்தாள்.

"அவன்கிட்ட காட்டாம வெளியிட முடியாது," என்றாள். "வேண்டாம்னு சொன்னான்னா, ஒண்ணரை வருஷ வேலையத் தூக்கிப் போட்டுடுவேன்."

"வேண்டாம்னு சொல்றதுக்கும் அவன் வாயத் தெறக்கணுமே," என்றான் நிரல் எழுதும் ஆர்வி.

3

விளையாடுபவருக்குப் பின்னால் அதைச் செய்தவர் உட்கார்ந்து பார்க்கலாம். வாயைத் திறக்கக் கூடாது. இந்தத் தொழிலின் வழக்கம் அது.

(இங்கே ஓரக்குறிப்பாக, 'இல்போவுக்கு முன்னால் சைமி பேசாமல் இருந்தது அன்றுதான்' என்று எழுதி அடித்துவிட்டேன். நியாயமில்லை.)

சைமி கூப்பிட்டு வந்த இல்போ காலணிகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, விளையாடிப் பார்க்க உட்கார்ந்தான். கதவுச் சத்தம் கேட்டது. சீட்டைப் படித்தான். திரையில் வாசலுக்குப் போய், மவுஸால் கதவை அழுத்தினான். அது திறக்காது, வெளியே நாங்கள் எதையும் செய்திருக்கவில்லை. மறுபடி அழுத்தினான். மறுபடியும். சைமி எண்ணிக்கொண்டே சோதனைப் படிவத்தில் 'வழி தெரியாமல் மாட்டிக்கொண்டார்' என்று குறித்தாள். பத்து நிமிடம் கழித்து அவன் கைகளை மடியில் வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகுதான் அவள் கேட்டாள்.

"வெளியே என்னத்தத் தேடின?"

"உன் காரை."

"காரா?"

"பனியில உறைஞ்ச எஞ்சின் சூடாக ரெண்டு மணி நேரம் முன்னாடியே ஹீட்டர் சுவிட்ச் போடணும். இல்லேன்னா நீ போற எட்டு மணிக்கு வண்டி கிளம்பாதே."

"ராத்திரியே முற்றத்துக் கரண்ட் கம்பத்துல ஹீட்டர் ஒயரச் சொருகிட்டுத்தானே மேல வருவேன். டைமர் தானா போடுமே."

"அந்த டைமர் கெட்டு ரொம்ப வருஷம் ஆச்சு. நான்தான் போய்க் கையால போடுவேன். அப்படியே பஸ் பிடிச்சுடுவேன்."

சைமி படிவத்தில் குறித்ததை அடித்தாள். "நீ பிரிஞ்சு போன அந்தக் குளிர்காலத்துல வண்டி கிளம்பவே இல்ல," என்றாள். "பழசாயிடுச்சுன்னு வித்துட்டேன்."

அவள் நாற்காலியை இல்போ பக்கம் திருப்பினாள்.

"ஏன் சொல்லல இல்போ?"

"வண்டிதான் தினமும் கிளம்புச்சே."

பிறகு அவன் காலணிகளை மாட்டிக்கொண்டே, "வெளியிடு. சீட்டுல இருக்கறது பொய்யில்ல. சொல்லாமத்தானே போனேன்," என்றான்.

4

முதல் முடிவில் அவர்களைச் சேர்த்துவைத்தேன். சைமி படித்துவிட்டு, "ஒரு டைமருக்காகவா?" என்றாள். இரண்டாவதில் என் சீட்டைக் கிழித்துப் போட்டேன். அதை இல்போவே கேட்கவில்லை. மூன்றாவதில் அவள் அவனைத் தொலைபேசியில்—

இல்லை. விளையாட்டு இலையுதிர்காலத்தில் வெளிவந்தது. சீட்டு அப்படியே இருக்கிறது. கதவை நாற்பத்தொரு முறை அழுத்துகிறவர்களுக்கு மட்டும் இப்போது அது திறக்கும். வெளியே பனி, ஒரு பழைய கார், கம்பத்தில் எரியும் சின்ன விளக்கு. பெரும்பாலோர் மூன்றாவது அழுத்தலோடு திரும்பிவிடுகிறார்கள். பொறுத்திருந்து வெளியே போன ஒருவர் எழுதினார்: "ஒரு காரு நிக்குது. வேற ஒண்ணும் இல்ல. இதுக்கா இவ்வளவு நேரம்?"

அவருக்கு என்ன பதில் எழுதுவது என்று சைமி என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நீங்கள் எழுதுங்கள்.

ஆர்வி வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டான். இல்போ வடக்கே ஓலு நகரத்தில் வேறொருத்தியோடு இருக்கிறான். சைமி அதே வீட்டிலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வருகிறாள். முற்றத்துக் கம்பத்தில் டைமரை இன்னும் யாரும் மாற்றவில்லை.