உலகப் பட்டமும் சைபுல்லாவின் மூக்கும்

திருவாரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நெய்னா முகம்மது வைத்த பேனரில் சைபுல்லா ஏற்கெனவே உலக சாம்பியன். ‘வருங்கால’ என்ற சொல் மட்டும், பேனர் அடித்த கடையின் பெயரைவிடச் சின்ன எழுத்தில் மூலையில் கிடந்தது. நடுவில் தங்க பெல்ட்டோடு மருமகன். பக்கத்தில் கூலிங் கிளாஸ் போட்ட மாமா, மருமகனைவிட ஒரு சுற்றுப் பெரிதாக.

நெய்னா முகம்மது இருபது வருடம் துபாயில் டயர் வியாபாரம் பார்த்துவிட்டுத் திரும்பியவர். அக்கா கமருன்னிஸாவின் மகன்தான் சைபுல்லா. இருபத்திரண்டு வயது, அறுபது கிலோ. தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஒன்பது சண்டை, ஒன்பதும் வெற்றி, அதில் ஏழு நாக் அவுட். பாங்காக் சண்டைகளுக்கு ஆள் அனுப்பும் சென்னை ஏஜென்ட் ஒருவர், “பையன் எதுவரைக்கும் போவான்னு விவரம் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட எழுதி வாங்கி அனுப்புங்க பாய். நீங்க எழுதாதீங்க” என்றார்.

விவரம் தெரிந்தவர் பக்கத்திலேயே இருந்தார். மங்களாம்பிகை, நாற்பத்தாறு வயது, மயிலாடுதுறையில் ரயில்வே டிக்கெட் பரிசோதகர். ஒரு காலத்தில் தேசியக் குத்துச்சண்டைப் போட்டியில் வெள்ளி வாங்கி, அந்த வெள்ளியாலேயே வேலைக்கு வந்தவர். இப்போதும் மாநிலப் போட்டிகளில் நடுவராக உட்காருவார். அவர் வாயைப் பற்றி யாராவது நெய்னாவை எச்சரித்திருக்கலாம். குத்தாலத்தில் ஒரு அப்பா, “எம்பையன் ஒலிம்பிக் போவானா மேடம்?” என்று கேட்டதற்கு, “போகலாங்க. டிக்கெட் எடுத்தா யாரு வேணா போகலாம்” என்றவர்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தார். பிரியாணியைச் சாப்பிட்டுக்கொண்டே டிவியில் ஒன்பது சண்டைகளையும் பார்த்தார். மூன்றாவது சண்டையில் கை நின்றது.

“இவரு யாரு?”

“காரைக்கால் சாம்பியன் மேடம்” என்றார் நெய்னா.

“இவர எனக்குத் தெரியும். பேரளத்துல டிக்கெட் இல்லாம பிடிச்சேன். அன்னிக்கும் இப்படித்தான், கைய நீட்டுறதுக்குள்ள விழுந்தாரு.”

ஏழாவது எதிராளிக்குத் தொப்பை. எட்டாவது ஆள் மணி அடிக்கும் முன்பே கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

“இதெல்லாம் சண்டையா பாய்? ஆளுங்கள சீர்வரிசை மாதிரில்ல அனுப்பிருக்கீங்க.”

வாசல் நிலையோரம் நின்ற சைபுல்லா தலையைக் குனிந்துகொண்டான்.

பயிற்சிக்கூடம் ஒரு பழைய நெல் குடோன். அங்கே சைபுல்லா மணல் மூட்டையைக் குத்த ஆரம்பித்ததும் மங்களாம்பிகை பேச்சை நிறுத்தினார். வலது கை விழுந்த ஒவ்வொரு தடவையும் கூரைத் தகரத்திலிருந்த புறாக்கள் எழுந்து வேறிடம் மாறின. அந்தக் கை நிஜம். ஆனால் குத்திய மறுகணம் இடது கை இடுப்புக்கு இறங்கியது, முகவாய் மேலே ஏறியது. தான் குத்தியதைத் தானே ரசித்தான்.

“தம்பி, உன் மூக்குல இதுவரைக்கும் யாராவது குத்தியிருக்காங்களா?”

“இல்லீங்க மேடம்.” பெருமையாகத்தான் சொன்னான்.

“அப்ப நான் என்னத்த எழுதுறது? அடி விழுந்தா என்ன செய்வேன்னு உனக்கே தெரியாது.”

கூடப் பயிற்சி செய்யும் நான்கு பேரைக் கூப்பிட்டார். நான்கு பேரும் நெய்னாவைப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள். மங்களாம்பிகை துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, கிளவுஸ் கேட்டார்.

நெய்னா பதறினார். “மேடம், வேணாங்க. லேடீஸ் நீங்க…”

“அத அவன் நெனச்சிட்டு நின்னா, அவன் மூக்குக்குத்தான் கெடுதல்.”

சைபுல்லா அவரை விருந்தாளியைச் சுற்றுவதுபோல மரியாதையாகச் சுற்றி வந்தான். வலது கையைப் பாதி வேகத்தில் விட்டான். அவர் தலையைச் சாய்த்தார், அது காற்றில் போனது. அவன் இடது கை வழக்கம்போல இறங்கியது. அடுத்த நொடி அவருடைய வலது முஷ்டி அவன் மூக்கில் இறங்கியது. அவனை அறியாமலே அவன் இடது கை சுழன்று அவர் விலாவில் விழ, மங்களாம்பிகை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நெய்னா டவலோடு ஓடிவந்தார். மூக்கில் ரத்தம் வழிய சைபுல்லா டவலைத் தள்ளிவிட்டு மங்களாம்பிகை முன்னால் மண்டியிட்டான்.

“மன்னிச்சுக்குங்க மேடம். வலிக்குதா?”

“வலிக்காம? சொல்லு, உனக்கு எப்படி இருக்கு?”

“அது எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியல மேடம். இன்னொரு தடவ மெதுவாப் போட்டுக் காட்டுறீங்களா?”

மூக்கில் வாங்கிய எத்தனையோ பேரை அவர் பார்த்திருக்கிறார். அழுதவர்கள் உண்டு, கடித்தவன்கூட ஒருவன் உண்டு. இப்படிக் கேட்டவன் கிடையாது. விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து காட்டினார். மூன்று தடவை.

வீட்டில் கமருன்னிஸா மகனின் முகத்தைப் பார்த்து அலறினார். “யாருடா அடிச்சது?”

“மேடம்தாம்மா.”

கமருன்னிஸா விருந்தாளியை ஏற இறங்கப் பார்த்தார். “நல்லா அடிச்சீங்க. இவன் பொறந்ததுலேருந்து, துபாய்ல இருந்தப்பக்கூட போன் போட்டு, என்னைய ஒரு அடி அடிக்க விட்டதில்ல எந்தம்பி.”

விலாவில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு மங்களாம்பிகை எழுதினார்: ‘வலது கை உலகத் தரம். குத்தியதும் இடது கை தூங்கிவிடுகிறது. எதிராளிகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அடி விழுந்தால் நிற்கிறான், யோசிக்கிறான். உலகப் பட்டம் இப்போதைக்குக் கிடையாது. நாலு வருடம் நல்லவர்களிடம் அடி வாங்கினால் மறுபடி கேட்கவும்.’

“கிடையாதா?” என்றார் நெய்னா. “பிரியாணியெல்லாம் போட்டு…”

“பிரியாணி உலகத் தரம் பாய். அதையும் சேத்து எழுதட்டுமா?”

நெய்னா அந்தத் தாளை பீரோவில் வைத்துப் பூட்டினார். அதற்குள் சைபுல்லா அதை போட்டோ எடுத்து ஏஜென்ட்டுக்கு அனுப்பியிருந்தான். நான்காம் நாள் பதில் வந்தது. பாங்காக்கில் ஒருமுறை உலகப் பட்டத்துக்கு மோதித் தோற்ற வீரர் ஒருவருக்கு, பத்து ரவுண்டு நிற்கக்கூடிய ஆள் தேவையாம்.

சண்டை நடந்த சாயங்காலம் மங்களாம்பிகை திருவாரூர் ரயிலில் டியூட்டியில் இருந்தார். நெய்னா அனுப்பிய லிங்க்கை போனில் திறந்தவர் பெட்டி நடுவிலேயே நின்றுவிட்டார். இரண்டாவது ரவுண்டில் சைபுல்லா விழுந்தான். மங்களாம்பிகை, “எந்திரி! இடது கைடா, தூக்கு!” என்று கத்தியதில் சுற்றி இருந்த பதினைந்து பேரும் எழுந்து நின்றார்கள். பூந்தோட்டம் ஸ்டேஷன் வருவதற்குள் பெட்டி முழுக்க அந்தப் போனைச் சுற்றியிருந்தது. டிக்கெட் எடுக்காத இரண்டு பேர்தான் எல்லோருக்கும் முன்னால் நின்று சத்தம் போட்டார்கள். ஒன்பதாவது ரவுண்டில் அந்த வலது கை பட்டு பாங்காக்காரர் முழங்கால் மடங்கினார். எட்டு எண்ணும்போது எழுந்துவிட்டார். பத்து ரவுண்டும் முடிந்து, சைபுல்லா பாயிண்ட்டில் தோற்றான்.

“தோத்துட்டானே மேடம்” என்றார் ஒருவர்.

மங்களாம்பிகை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சைபுல்லாவின் மூக்கு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. ஒரு வாரம் கழித்து நெய்னா போன் செய்தார். அந்த பாங்காக் வீரரின் பயிற்சியாளர் சைபுல்லாவைத் தன் பயிற்சிக்கூடத்திலேயே இருக்கச் சொல்லிவிட்டாராம். தினமும் நாலு பேரிடம் அடி வாங்க வேண்டுமாம். ஊரில் வரவேற்புக்கு டிரம் செட் சொல்லியாகிவிட்டது, வா என்றால், “நீங்களே ஆடிக்குங்க மாமா” என்று போனை வைத்துவிட்டானாம்.

“உள்ளத சொல்லுங்க மேடம். உலகப் பட்டம் கெடைக்குமா?”

மங்களாம்பிகைக்கு விலா இன்னும் வலித்துக்கொண்டிருந்தது.

“எனக்குத் தெரியல பாய்” என்றார். “மொதல்ல அந்த பேனர இறக்குங்க.”