கங்கையம்மாளின் பக்கம்

கோகிலவாணி தன் பிறந்த வீட்டு வம்சத்துக்கென்று ஓர் இணையதளம் நடத்திவந்தாள். சேலையூரில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து, ஓய்வு பெற்ற கையோடு தொடங்கியது அது. கீழ்க்கட்டளையில் ஏர் ஓட்டிய குடும்பம். நிலமெல்லாம் மனைகளாகிவிட, இப்போது ஹார்டுவேர் கடையும் வாடகை வீடுகளுமாக இருந்தார்கள். ஐந்து தலைமுறை, நானூற்றுப் பன்னிரண்டு பேர். கல்யாணப் பேச்சு வந்தால் யாருக்கு யார் என்ன முறை என்று பார்க்க உறவுக்காரர்கள் அந்தத் தளத்தைத்தான் திறப்பார்கள். ஆதாரமில்லாமல் ஒரு தேதியைக்கூட அவள் ஏற்றியதில்லை. பள்ளிச் சான்றிதழ், சிட்டா, கல்யாணப் பத்திரிகை என்று எது கிடைத்தாலும் படம் எடுத்து அந்தந்தப் பெயருக்கு அடியில் போட்டுவிடுவாள்.

பிப்ரவரியில் ஒரு காலை, தளத்தின் கடிதப் பெட்டியில் இப்படி வந்திருந்தது: 'வணக்கம். என் பெயர் ஜெரூஷா. கங்கையம்மாள், அரிகிருஷ்ணனின் தங்கை, 1972 ஜூன் மாதம் மறைவு என்று போட்டிருக்கிறீர்கள். அவர் என் அம்மா. காட்டாங்குளத்தூரில் என்னோடு இருக்கிறார். நீங்கள் போட்டிருக்கும் தேதிக்குப் பிறகுதான் எங்கள் மூன்று பேரையும் பெற்றார். இன்று காலை இரண்டு இட்லி சாப்பிட்டார்.'

யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். இல்லையென்றால் மனையில் பங்கு கேட்க யாராவது கிளம்பியிருக்க வேண்டும். கங்கை அத்தை காய்ச்சலில் போனவள் என்று அப்பா அரிகிருஷ்ணன் சொல்லியிருந்தார். அவர் இறந்த பிறகு பீரோவின் அடித்தட்டில் பதினாறாம் நாள் காரியப் பத்திரிகை ஒன்று கிடைத்தது. மஞ்சள் பூத்த அட்டையில் அத்தையின் பெயரும் தேதியும். அச்சடித்த பத்திரிகையைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்? அதைத்தான் அத்தையின் பெயருக்கு அடியில் ஏற்றி வைத்திருந்தாள்.

அந்தக் காலத்து மனிதர்களில் மிச்சமிருந்தவர் அப்பாவின் தம்பி குமரேசன் ஒருவர்தான். எழுபத்தெட்டு வயது. கோகிலவாணி அவருக்குப் போன் போட்டு, அத்தை எந்த ஆஸ்பத்திரியில் இறந்தாள் என்று கேட்டாள். மறுமுனையில் டிவி சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"அவ எங்க செத்தா," என்றார். "பம்ப்செட்டுக்கு கரண்டு இழுக்க வந்தவன்கூட பூட்டா. வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன். ஊர்ல தலைகாட்ட முடியல. உங்கப்பன்தான் காரியம் பண்ணி முடிச்சிடலாம்னு சொன்னான். அதை இன்னாத்துக்கு இப்போ கிளறிகினு கீற?"

அவள் பதில் சொல்வதற்குள், அந்தப் பெயரையே தளத்திலிருந்து எடுத்துவிடும்படி சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. பால்காரன் பாக்கெட் எண்ணிக்கையைக்கூட இரண்டு முறை சரிபார்க்கிற மனிதர் அவளுடைய அப்பா. ஆதாரம் ஆதாரம் என்று அவள் அலைவதே அவரிடமிருந்து வந்த பழக்கம். அப்படிப்பட்டவர் உயிரோடு இருக்கும் தங்கைக்குப் பத்திரிகை அடித்திருக்கிறார். அதையும்விட அவளை உறுத்தியது வேறொன்று. அட்டை பீரோவுக்குள் கிடந்தவரை அது அப்பா செய்த காரியம். அதை எடுத்து ஊர் பார்க்கப் போட்டது அவள்.

சனிக்கிழமை தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினாள். காட்டாங்குளத்தூரில் இறங்கி, கல்லூரிப் பிள்ளைகள் வாடகைக்கு இருக்கும் மாடி வீடுகளைத் தாண்டிப் போனால் ஜெரூஷாவின் வீடு. ஜெரூஷா ஆசிரியை, நாற்பத்தைந்து வயதிருக்கும். வாசலில் நின்று, "வாங்க மேடம்," என்றாள். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"மேடம் இல்ல. உனக்கு அண்ணி முறை."

கங்கையம்மாள் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் அகன்ற நெற்றி. சுவரில் அவள் கணவர் எலியேசரின் படம். அவர் போய் ஆறு வருடமாகிறது என்றாள் ஜெரூஷா. கோகிலவாணி வரும் வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த மன்னிப்பு வார்த்தைகளைப் பாதிதான் சொல்லியிருப்பாள். அத்தை கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

பொங்கல் விடுமுறையில், கீழ்க்கட்டளை இப்போது எப்படியிருக்கிறது என்று போனில் பார்க்கச் சொன்னது அத்தைதானாம். தேடத் தேட அண்ணன் பெயர் வந்தது. அடுத்து அவள் பெயர் வந்தது. அப்புறம் அந்த அட்டை. தலைமுழுகிவிட்டார்கள் என்று அந்தக் காலத்திலேயே யாரோ வந்து சொல்லியிருந்தார்கள். பத்திரிகை அடித்தது மட்டும் ஐம்பத்திரண்டு வருடமாகத் தெரியாது.

அத்தை ஜெரூஷாவின் போனை வாங்கி, அட்டையை விரலால் பெரிதாக்கிக் காட்டினாள். கடைசி வரி: 'இப்படிக்கு, ஒரே தங்கையை இழந்து வாடும் அரிகிருஷ்ணன்.'

"இதைத்தான் கேக்கணும்னு இருந்தேன். இந்த வாடுறது, இழந்ததுன்றதெல்லாம் அண்ணன் எழுதிக் குடுத்ததா? இல்ல, அச்சாபீஸ்காரன் எல்லாருக்கும் போடுறதா?"

கோகிலவாணிக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னாள்.

அத்தை தலையசைத்தாள். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். சாப்பாட்டின்போது பிள்ளைகள் பெயரையும் பிறந்த தேதிகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கோகிலவாணி இடது கையால் குறித்துக்கொண்டாள். அட்டையை இன்றே எடுத்துவிடுகிறேன் என்றதற்கு அத்தை சம்மதிக்கவில்லை.

"அது நடந்ததுதான. இருக்கட்டும். அதுக்குக் கீழ நான் இருக்கேன்னு போடு."

வீட்டுக்கு வந்ததும் கோகிலவாணி பத்திரிகைகள் வைத்திருந்த கோப்பை எடுத்தாள். அதே அச்சகத்தில் அதே குடும்பம் அடித்த காரியப் பத்திரிகைகள் இன்னும் நான்கு இருந்தன. தாத்தாவுக்கு ஒன்று, பெரிய தாத்தாவுக்கு ஒன்று, மற்ற இரண்டும் பங்காளி வீடுகளுக்கு. நான்கிலும் வாசகம் ஒன்றே. கடைசியில் 'இப்படிக்கு' என்று போட்டு வெறும் பெயர். இழந்ததும் இல்லை, வாடியதும் இல்லை. ஐந்தையும் மேசைமேல் பரப்பி, இன்னொரு முறை வரிவரியாகப் படித்தாள். பிறகு காட்டாங்குளத்தூருக்குப் போன் செய்து, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள்.

அத்தை, "அப்போ ஒரு தடவ வந்து பாத்திருக்கலாமே," என்றாள். "முக்கா மணி நேரந்தான ரயில்ல." ஜெரூஷா போனை வாங்கி, அம்மா அப்புறம் பேசுவார் என்றாள்.

அன்று மாலையே கோகிலவாணி பக்கத்தைத் திருத்தினாள். மறைவுத் தேதியை நீக்கினாள். கணவர் எலியேசர், மூன்று பிள்ளைகள், ஐந்து பேரப்பிள்ளைகள் என்று ஒவ்வொருவருக்கும் இடம் போட்டாள். அட்டைக்குக் கீழே, 'இது அச்சான நாளில் கங்கையம்மாள் உயிரோடிருந்தார். இன்றும் இருக்கிறார்' என்று எழுதினாள். அப்பாவைப் பற்றி ஒரு வரி சேர்க்கலாமா என்று யோசித்தாள். என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டாள்.

குடும்பத்து வாட்ஸப் குழுவில் ரகளை நடந்தது. செத்தவரைத் திட்டுவது போலிருக்கிறது என்றார் ஒருவர். நாளைக்கு வாரிசுச் சான்றிதழ் கேட்டு வந்து நிற்பார்கள் என்றார் இன்னொருவர். குமரேசனின் பேத்தி வினிதா மட்டும், பாட்டியை எப்போது பார்க்கலாம் என்று கேட்டிருந்தாள். குமரேசன் ஒன்றும் எழுதாமல் குழுவிலிருந்து வெளியேறினார். கோகிலவாணி எதையும் அழிக்கவில்லை. தப்பு இருந்தால் ஆதாரத்தோடு சொல்லுங்கள், திருத்துகிறேன் என்று ஒரே பதிலைப் போட்டாள்.

மூன்று வாரம் கழித்து, கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. சித்தப்பா.

"காட்டாங்குளத்தூர்ல எறங்கினா எந்தப் பக்கம் போவணும்?"

அவள் வழி சொன்னாள். மேம்பாலம், மெடிக்கல் ஷாப், மூன்றாவது தெரு. தானும் கூட வருவதாகச் சொன்னாள்.

"நீ வாணாம். நான் மட்டும் போறேன்."

ஞாயிற்றுக்கிழமை போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று அவரும் சொல்லவில்லை, அத்தையும் சொல்லவில்லை. மறுநாள் ஜெரூஷாதான் அழைத்தாள். முதல் ஒரு மணி நேரம் இரண்டு பேரும் முகம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்களாம். அப்புறம் மாமா மத்தியானச் சாப்பாட்டுக்கு இருந்தாராம். கிளம்பும்போது அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷன்வரை கூடவே நடந்துபோய், ரயில் வரும்வரை நின்றிருந்தாராம்.