ஏழு மணிக்கு முன்னால் ஏறிய கோடு

சொன்னால் நம்பமாட்டீர்கள், பயிற்சிக்கு வந்த என்னை நம்பி ஒரு குடியிருப்பையே ஒப்படைத்திருந்தார்கள். மின்சாரத்துக்கும் பருவநிலைக்கும் கொள்கை வகுக்கும் அலுவலகம் அது. அதற்காகத்தான் கல்லூரியிலிருந்து கடல் தாண்டி வந்திருந்தேன். 'சாயங்காலம் ஏழு மணியிலிருந்து ஒரு மணி நேரம் வாஷிங் மெஷின், மின் அடுப்பு எதையும் போடாதீர்கள், பில்லில் கழித்துக்கொள்கிறோம்' என்று வீடுகளுக்குச் செய்தி அனுப்பும் யோசனை என்னுடையது. வெயில் இறங்கியதும் கூரை மேலுள்ள சோலார் ஓய்ந்துவிடும். ஊரே அப்போதுதான் எல்லாவற்றையும் போடும். அதற்கென்று நிலக்கரியை எரிக்க வேண்டும். இன்று அந்த வீடுகள் இழுக்கும் மின்சாரத்தைக் காட்டும் கோடு திரையில் இறங்கினால் யோசனை அரசாங்கத்துக்குப் போகும், இல்லாவிட்டால் குப்பைக்கூடைக்கு.

ஆறரைக்கே எல்லாரும் திரை முன்னால் ஆஜர். கோடு இறங்கவில்லை. ஏறியது! விறுவிறுவென்று ஏறியது.

"என்னம்மா இது? குறைக்கச் சொன்னா கூட்டறாங்க?" என்றார் தலைமை அதிகாரி. நாங்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் கறார். அதற்குள் போனைக் கையில் எடுத்துவிட்டார். "போதும். சோதனைய நிறுத்திடலாம்."

நிறுத்துவதா! எனக்குக் கோபம் வந்தால்தான் மூளையே ஓடும். சட்டென்று எங்கள் வீடு ஞாபகம் வந்தது. கரண்ட் போகும் என்று அறிவிப்பு வந்தால் போதும், அக்கா பம்பரமாகச் சுழல்வாள். மிக்சி ஒருபக்கம், இஸ்திரிப் பெட்டி ஒருபக்கம், நடுவில் "மோட்டார போடுடி சோம்பேறி!" என்று எனக்கு ஒரு அர்ச்சனை. அடக் கடவுளே, கரண்ட் கட்டிலேயே வளர்ந்தவள், அதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேனே!

"சார், நிறுத்தாதீங்க! ஏழு மணிக்குள்ள வேலைய முடிச்சுக்கணும்னு எல்லாரும் அவசர அவசரமா போடறாங்க. வெளிய பாருங்க, இன்னும் வெயில் அடிக்குது. இப்ப எவ்வளவு கரண்ட் இழுத்தாலும் சோலார் தாங்கும். ஏழுக்கு விழும் பாருங்க."

"விழலன்னா?"

"என் சீட்ட கிழிச்சுடுங்க, சார்."

கறார் போனை மேசைமேல் வைத்தார். பக்கத்தில் நின்ற புள்ளிவிவரக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தாளா, நசுக்கினாள்!

ஏழு. கோடு கொஞ்சம் தயங்கியது. பிறகு தொபுக்கென்று விழுந்தது! நாங்கள் போட்ட கணக்குக்கும் கீழே போய் அங்கேயே கிடந்தது. புள்ளிவிவரக்காரி விசிலடித்தாள். வெட்கமாவது மண்ணாவது, நான் நாற்காலி மேலேறிக் குதித்தேன். கறார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நாளைக்கு கமிட்டி முன்னாடி நீதான் பேசற. அந்த ஏத்தத்தையும் சேர்த்துச் சொல்லணும். முதல்ல கீழ எறங்கு."

மாடிப்படியிலேயே ஊரிலிருந்த அக்காவைப் போனில் கூப்பிட்டு மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் 'ம்' கொட்டியபடி முழுக்கக் கேட்டாள்.

"கரண்ட் போறதுக்கு முன்னாடி மிக்சிய போடுவாங்கன்னு கண்டுபிடிச்சிருக்க. இதுக்காடி உன்ன ப்ளைட் ஏத்தி அனுப்பினோம்?"

"ஆமாக்கா," என்று படிக்கட்டே அதிரக் கத்தினேன், "இதுக்கேதான்!"