பாட்டுப் போடாத வீடியோ

1
இந்தக் கதை ஓர் எச்சரிக்கையிலிருந்து பிறந்தது. மாணவர்கள் அடித்துக்கொள்ளும் வீடியோவை யாருக்கும் அனுப்பாதீர்கள், எடுத்தவர்மேலும் பகிர்ந்தவர்மேலும் வழக்கு வரலாம் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நல்ல மனிதர் எழுதியிருந்தார். எந்த வீடியோ என்று தெரிய வேண்டாமா? அதையும் கீழேயே இணைத்திருந்தார்.

நான் திறக்கவில்லை. [திறந்ததாகவும் ஒரு வரைவு இருக்கிறது.] எடுத்தவர் யாராக இருக்கும் என்றுதான் மனம் அலைந்தது.

2
முதல் தொடக்கம்: பிரிக்ஃபீல்ட்ஸ் பாலத்தடியில், நெற்றியில் தழும்புள்ள ஒரு பையனை மூன்று பேர் சேர்ந்து

நிறுத்திவிட்டேன். தழும்பை எழுதினால் நானும் அவனை ஊருக்குக் காட்டிக்கொடுத்தவன் ஆவேன்.* ஒரு பையன். அது போதும்.

* சிறார் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிற சட்டம் கற்பனைப் பையனுக்கும் உண்டா என்று ஒரு வக்கீலிடம் கேட்டேன். உனக்கு வேறு வேலை இல்லையா என்றார்.

3
எடுத்தவள் செசிலியா. பல் கிளினிக்கில் வரவேற்பில் உட்காருபவள். சாட்சிக்கு இருக்கட்டும் என்றுதான் எடுத்தாள். கிள்ளானில் இருக்கும் தங்கை ஷார்மைனுக்கு மட்டும், பாவம் பார் என்று அனுப்பினாள். ஷார்மைனும் ஒருவருக்கு மட்டும்தான் அனுப்பினாள். எல்லாருமே ஒருவருக்கு மட்டும்தான் அனுப்பினார்கள். மறுநாள் யாரோ சோகப் பாட்டு ஒன்றை மேலே ஏற்றி, நாடு முழுக்கச் சுற்றவிட்டிருந்தார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதைதான்.

4
அடி வாங்கிய பையனுக்கு ஒரு காது கேட்கவில்லை. அடித்தவர்களின் வீட்டாரோ, பாட்டுப் போட்ட வீடியோ வெட்டி ஒட்டியது என்று சாதித்தார்கள். பையனின் அம்மா சந்திரகலா ஒவ்வொருவராக விசாரித்து, ஷார்மைன் வழியாக செசிலியாவைப் போனில் பிடித்துவிட்டார்.

"அக்கா, மத்தவங்க எல்லாம் பயந்து அழிச்சிட்டாங்க. பாட்டு இல்லாத வீடியோ இப்ப உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. போலீஸ் பாலாய்க்கு ஒரு தடவ வாங்க லா."

வரேன் என்றாள் செசிலியா. அழித்துவிடு, உன்மேலேயே கேஸ் திரும்பும் என்றாள் ஷார்மைன்.

5
இங்கேதான் எனக்கு செசிலியாமேல் சந்தேகம் வந்தது. வழக்குக்குப் பயந்தவள் வக்கீலைத் தேடுவாள். இவள் கதவைச் சாத்திக்கொண்டு, போனைக் காதில் வைத்து, படத்தைப் பார்க்காமல் வீடியோவின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏன் என்று புரியாமல் கதை அப்படியே கிடந்தது.

பிறகு நானும் காதை வைத்தேன். ஒரு பெரியவர் விலக்கிவிட ஓடுகிறார். அவர் முதுகு திரையை அடைக்கிறது. செசிலியாவின் குரல்:

"அங்கிள், கொஞ்சம் தள்ளுங்க. மறைக்குது."

அவர் திகைத்துத் தள்ளி நின்றார். அதன் பிறகுதான் பையனின் காதில் அடி விழுந்தது. பாட்டு மூடி வைத்திருந்தது இதைத்தான்.

6
முடிவு (அ): அழிக்கிறாள். பாட்டு மட்டும் மிஞ்சுகிறது. [நீங்கள் அவளைத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.]

முடிவு (ஆ): கொடுக்கிறாள். பையனுக்கு நியாயம் கிடைக்கிறது. சந்திரகலா அந்தக் குரலைக் கேட்டு

எழுத வரவில்லை. செசிலியாவை நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது.

இப்போது செசிலியா போலீஸ் நிலைய வாசலில் நிற்கிறாள். சந்திரகலா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்: "உள்ள போறதுக்கு முன்னால நான் ஒரு தடவ பாத்துக்கவா, அக்கா?"

செசிலியாவின் கட்டைவிரல் திரைமேல் இருக்கிறது. இனி நடப்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நான் மறைக்கிறேன் என்றால் சொல்லுங்கள், தள்ளிக்கொள்கிறேன்.