பச்சையாக மாறாத பலகை

வீட்டில் எல்லோரும் அவளைத் தேனி என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை ஓடும்போது தன்னையறியாமல் ஏதாவது ஒரு பாட்டை வாய்க்குள்ளேயே இழுத்துக்கொண்டிருப்பாள். அன்று மதியம் மருத்துவமனையில், நாத்தனாரின் அறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஏதோ வில்லங்கம் என்று நாத்தனாருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

நாத்தனார் அங்கே டயாலிசிஸ் பிரிவின் தலைமை நர்ஸ். ரத்தத்தைச் சுத்தம் செய்யும் எட்டு நாற்காலிகள் அவள் பொறுப்பு. எந்த நாற்காலி எப்போது காலியாகும் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. ஒருவருக்கு நடுவில் பிரஷர் இறங்கினால் அடுத்தடுத்தவர் நேரமெல்லாம் தள்ளிப்போகும். முறை தவறிவிடுமோ என்ற பயத்தில் நோயாளிகள் விடிவதற்கு முன்பே வந்து வெளி பெஞ்சில் காத்துக் கிடப்பார்கள். அதில் முதல் ஆள் ஓய்வு பெற்ற ஒரு லாரி ஓட்டுநர். அவர் தலை சாய்த்துச் சாய்த்தே சுவரில் ஒரு எண்ணெய் வட்டம் விழுந்திருந்தது.

தேனி பிள்ளைகளுக்காகக் கணினி நிரல் எழுதும் வேலையை விட்டு வருஷக்கணக்கில் வீட்டோடு இருந்தவள். அந்த வட்டத்தைப் பார்த்த பிறகுதான் மறுபடி கணினி முன்னால் உட்கார்ந்தாள். நர்சுகள் டேப்லெட்டில் தட்டும் நேரங்களை எடுத்து, எந்த நாற்காலி எப்போது காலியாகும் என்று எட்டுக் கட்டங்களில் காட்டும் ஒரு டாஷ்போர்டு, ஒரு தகவல் பலகை, செய்தாள். ஆள் பெயர் கிடையாது, நாற்காலி எண்ணும் நேரமும் மட்டும்தான். நோயாளிகள் வீட்டிலிருந்தே போனில் பார்த்துவிட்டு வரலாம். நாத்தனாருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. “என் தம்பி பொண்டாட்டி செஞ்சிருக்கா, அடுத்த வாரம் வந்து பாருங்க டாக்டர்” என்று பெரிய டாக்டரிடம் வாக்குக் கொடுத்துவிட்டாள். பலகை ஓடினால் பெரிய டாக்டர் வைத்துக்கொள்வார், ஓடாவிட்டால் அந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டார்.

சிக்கல் என்னவென்றால், பலகை தேனியின் மடிக்கணினியைத் தவிர வேறெங்கும் திறக்கவே மாட்டேன் என்றது. மடிக்கணினியை மூடினால் பலகையும் நின்றுவிடுமே என்று, நிரலை ஒரு கிளவுட் நோட்புக்குக்கு மாற்றியிருந்தாள். எங்கோ தொலைவில் வாடகைக்கு எடுத்த கணினியில் அது ஓடும், இவள் பிரவுசர் வழியாக அதில் எழுதுவாள். அது கொடுத்த முகவரியைத்தான் பிரிவில் உள்ள எல்லோருக்கும் அனுப்பினாள். யாருக்கும் திறக்கவில்லை, இவளுக்கு மட்டும் ஜம்மென்று திறந்தது. “உங்க நெட்தான் நொண்டி” என்று மருத்துவமனையின் நெட்வொர்க் ஆளை ஒரு பிடி பிடித்தாள். எல்லோரும் கம்பிக்காரர் என்று கூப்பிடும் அந்த மனிதர் கம்பியை மாற்றினார், பெட்டியை மாற்றினார், பாவம், சுவரில் ஓட்டைகூடப் போட்டார்.

பெரிய டாக்டர் வருவதற்கு முந்தின நாளான அன்று, மடிக்கணினி தானாக அப்டேட் போட்டு அணைந்து எழுந்தது. அதிலிருந்து இவளுக்கும் திறக்கவில்லை. நோட்புக்கில் ஒரு பிழையும் இல்லை, ‘ஓடிக்கொண்டிருக்கிறது’ என்றே சாதித்தது. எல்லாம் மறந்துபோச்சு, இனி இதெல்லாம் உனக்கு ஒத்துவராது என்று தேனிக்கு உள்ளே ஒரு குரல் நச்சரித்தது.

கம்பிக்காரர் வாசலில் வந்து நின்றார். “என்ன மேடம், இன்னிக்கும் நம்ம நெட்தானா?”

“கொஞ்சம் சும்மா இருங்களேன்” என்றாள் நாத்தனார். “ஏம்மா, அன்னிக்குக் கட்டமெல்லாம் நீலமா இருக்கு, கண்ணுல படலன்னு சொன்னேனே, அப்பவே ஏதோ கோளாறு இருந்திருக்குமோ? பச்சையா மாத்திட்டேன்னு சொன்ன, ஆனா நீ காட்டினப்போ நீலமாத்தானே இருந்துச்சு?”

“அது பிரவுசர் பழசையே ஞாபகம் வச்சுக்கிட்டு...” என்று ஆரம்பித்த தேனி பாதியில் நிறுத்தினாள்.

பச்சையாக மாற்றியது கிளவுடில். நீலம் எங்கே இருந்தது? முதன்முதலில் வீட்டில் இதே மடிக்கணினியில் ஓடவிட்ட பழைய நகலில். அதை அவள் நிறுத்தவே இல்லை! நோட்புக் கொடுத்த முகவரிக்கு ‘இதே கணினி’ என்று அர்த்தம். திறப்பவர் கணினிக்குள்ளேயேதான் அது தேடும். இத்தனை நாள் அவள் பார்த்ததெல்லாம் தன் மடியிலேயே ஓடிய பழசை. அப்டேட் அதையும் அணைத்துவிட்டது.

“அண்ணி, நான் ஒரு முட்டாள்” என்றாள். “நம்ம வீட்டுக்கு வாங்கன்னு ஊரையே கூப்பிட்டிருக்கேன். அவங்கவங்க அவங்கவங்க வீட்டுக்குப் போய்த் தேடியிருக்காங்க.”

“அப்ப நான் போட்ட ஓட்டை?” என்றார் கம்பிக்காரர்.

“மன்னிச்சிடுங்க சார். அடைக்கிற சிமெண்ட் என் செலவு.”

வெளியிலிருந்து வருபவர்களுக்கும் பதில் சொல் என்று நிரலில் ஒரு வரியை மாற்றினாள். வாடகைக் கணினியின் அமைப்புப் பக்கத்தில் அதற்கான வழியைத் திறந்தாள். இந்த முறை அந்தக் கணினியின் சொந்த முகவரியையே எடுத்து நாத்தனாருக்கு அனுப்பினாள். நாத்தனாரின் போனில் எட்டுக் கட்டங்களும் பச்சைப்பசேலென்று எழுந்தன. கம்பிக்காரர் தன் போனிலும் பார்த்துவிட்டு, “நம்ம நெட்டுல திறக்குது, எழுதி வச்சுக்குங்க” என்றார். சாயங்காலத்துக்குள் நாத்தனார் அந்த முகவரியை எல்லா நோயாளிகள் வீட்டுக்கும் அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை பெரிய டாக்டர் வந்தபோது பெஞ்ச் காலியாகக் கிடந்தது.

“இன்னிக்கு யாரும் வரலையா?”

நாத்தனாரின் கண் எண்ணெய் வட்டத்துக்குப் போனது. லாரி ஓட்டுநர் வராமல் இருந்ததே இல்லை. அந்தப் பிரிவில் ஒருவர் வரவில்லையென்றால் மனசு நல்லதாக நினைக்காது. அவர் வீட்டுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். தேனி பக்கத்தில் வந்து நின்றாள்.

மகள்தான் எடுத்தாள். “மெதுவா பேசுங்க சிஸ்டர்” என்றாள் கிசுகிசுப்பாக. “அப்பா நல்லாத் தூங்கறார். அவர் நாற்காலி பத்து மணிக்குத்தான் காலியாகும்னு போன்ல காட்டுது. ஒன்பது மணிக்கு எழுப்பினாப் போதும்ல?”

நாத்தனாரும் கிசுகிசுத்தாள். “போதும்மா. தூங்கட்டும்.”

பெரிய டாக்டர் காலி பெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தேனி பக்கம் திரும்பினார். “பக்கத்துப் பிரிவுக்கும் இதுமாதிரி ஒண்ணு வேணும்மா” என்றார், அவரும் குரலைத் தாழ்த்தித்தான்.