எந்தப் பக்கம் அளந்தாலும்

மரக் கடைசல் பட்டறை வைத்திருந்த கடைசல்காரிக்குப் புகுந்த வீட்டில் ஒரு பட்டப்பெயர் இருந்தது: முட்டை அண்ணி. வைத்தவள் நாத்தனார். கைப்பையில் சீப்பு இல்லாவிட்டாலும் டேப் இருக்கும், அப்படிப்பட்ட நாத்தனார். திரைச்சீலை, கதவு, பிறந்தநாள் கேக், எது வீட்டுக்குள் வந்தாலும் அளந்துதான் உள்ளே விடுவாள்.

மாமனார் வீட்டில் உறவெல்லாம் கூடியிருந்த ஒரு மதியம் அது. கடைசல்காரி தன் பட்டறையில் தானே இழைத்த வட்டமான மேசைப் பலகையைக் கொண்டுபோய்ப் பெருமையோடு கூடத்தில் வைத்தாள். நாத்தனார் டேப்பை இழுத்து இப்படி ஒரு தரம், அப்படி ஒரு தரம் வைத்துப் பார்த்தாள். இரண்டு அளவுக்கும் ஒரு விரல் வித்தியாசம்.

"என்ன அண்ணி, வட்டம் கேட்டா முட்டை போட்டு வச்சிருக்கீங்க? வட்டம்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

கூடமே சிரித்தது. புருஷனும் சிரித்தான். சித்தப்பாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. கடைசல்காரி பொறுமையாக விளக்கத்தான் பார்த்தாள். வட்டத்தின் குறுக்கே போகும் கோடுகளில் நீளமானது மையத்தின் வழியாகப் போவது மட்டும்தான். டேப் மையத்தை விட்டுக் கொஞ்சம் ஒதுங்கினாலும் அளவு குறைந்துவிடும். இரண்டாவது தரம் டேப்தான் ஒதுங்கியது, பலகை கோணவில்லை. யார் காதிலும் ஏறவில்லை. பலகை பின்கட்டுக்குப் போய் தண்ணீர் ட்ரம்முக்கு மூடியானது. அன்றிலிருந்து பொடிசுகள்கூட அவளை முட்டை மாமி என்றுதான் கூப்பிட்டன.

அவள் மனசுக்குள் மட்டும் அதை அடைகாத்தாள்.

மூன்று வருஷம் கழித்து நாத்தனார் விருந்து மண்டபம் ஒன்று கட்டித் திறக்கப்போகும் நேரத்தில் அது குஞ்சு பொரித்தது. பரிமாறும் ட்ராலிக்கு மரச் சக்கரம் வேண்டும்; வீட்டிலேயே பட்டறை இருக்கும்போது வெளியே எதற்கு என்று மாமியார் சொல்லிவிட்டார். நாத்தனார் இப்போது டேப்போடு நிற்பவள் இல்லை, வெர்னியர் என்ற இடுக்கி அளவுகோல் வாங்கியிருந்தாள். அதன் இரண்டு தாடைக்கும் நடுவில் பொருளைக் கொடுத்து இறுக்கினால் அகலம் எவ்வளவோ அதைத்தான் காட்டும், ஒதுங்கிப்போக வழியில்லை. குறுக்களவு சரியாகப் பதினைந்து சென்டிமீட்டர் இருக்க வேண்டும், எந்தப் பக்கம் அளந்தாலும் மாறக் கூடாது, மாறினால் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று ஆள் விட்டுச் சொன்னாள்.

எந்தப் பக்கம் அளந்தாலும். அந்தச் சொல்லைக் கேட்டதும் கடைசல்காரிக்கு உள்ளுக்குள் சர்க்கரை கரைந்தது. எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே அகலம் காட்டுவது வட்டம் ஒன்றுதான் என்று ஊரே நினைக்கிறது. அது தப்பு.

அன்று அவள் கடைசல் எந்திரத்தைத் தொடவில்லை. சுற்றிக்கொண்டே இருக்கும் எந்திரத்துக்கு வட்டத்தைத் தவிர வேறெதுவும் வராது. பலகையின் மேல் நாலு சென்டிமீட்டர் பக்கமுள்ள சமபக்க முக்கோணம் ஒன்றைப் போட்டு, அதன் பக்கங்களை இரண்டு பக்கமும் நீட்டினாள். ஒரு மூலையில் கவராயத்தின் முள்ளை ஊன்றி, மூலைக்கு வெளியே, நீட்டிய இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஐந்தரை சென்டிமீட்டரில் ஒரு சின்ன வில் வரைந்தாள். முள்ளை எடுக்காமலே, முக்கோணத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் ஒன்பதரையில் ஒரு பெரிய வில். ஐந்தரையும் ஒன்பதரையும் பதினைந்து. மற்ற இரண்டு மூலைகளிலும் அதே மாதிரி. ஆறு வில்லும் ஒன்றோடொன்று கை கோத்தன. மூன்று பக்கம் லேசாகப் புடைத்த, பார்வைக்குக் கிட்டத்தட்ட வட்டமான ஒரு உருவம். குறுக்கே எங்கே பிடித்தாலும் ஒரு சின்ன வில்லும் அதற்கு நேர் எதிரே ஒரு பெரிய வில்லும்தான் மாட்டும். பதினைந்து, எப்போதும் பதினைந்து.

ஆனால் நடுவிலிருந்து விளிம்பு வரை அளந்தால் கதை வேறு. புடைத்த இடத்தில் அதிகம், மற்ற இடத்தில் குறைவு. அரை சென்டிமீட்டருக்கும் சற்றே மேல் வித்தியாசம். வெர்னியர் விளிம்பிலிருந்து விளிம்புக்குத்தான் பார்க்கும். நடு எங்கே இருக்கிறது என்று அது கேட்பதே இல்லை.

அறுத்து, அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டு நாலு சக்கரம் முடித்தாள். நாத்தனார் வந்து திருப்பித் திருப்பி அளந்தாள். கூட வந்த சித்தப்பாவிடம், "இதுதான் வட்டம். மூணு வருஷத்துல அண்ணி கத்துக்கிட்டாங்க," என்றாள்.

"எல்லாம் நீ சொல்லிக் கொடுத்ததும்மா," என்றாள் கடைசல்காரி.

திறப்பு விழா அன்று காலையில்தான் சக்கரத்தை மாட்டினார்கள். வெற்று ட்ராலி முற்றத்துக் கல்லில் கடகடத்தது; கல்தான் காரணம் என்று விட்டுவிட்டார்கள். மத்தியானம் வழவழப்பான கூடத்துத் தரையில், மாதுளைச் சாறு விளிம்புவரை ததும்பும் கண்ணாடித் தம்ளர்களோடு நாத்தனாரே ட்ராலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் அச்சு மூன்று தரம் ஏறி மூன்று தரம் இறங்கியது. நாலு சக்கரமும் நாலு தாளத்தில். தம்ளர்கள் முதலில் பேசிக்கொண்டன, பிறகு அடித்துக்கொண்டன. தலைமை விருந்தாளியின் வெள்ளைச் சட்டைக்கு அருகில் போய் நின்றபோது சாறு பாதிகூட மிச்சமில்லை. சட்டையும் வெள்ளையாக இல்லை.

நாத்தனாரின் முகம் சாற்றின் நிறத்துக்கு வந்தது. "அண்ணி, சக்கரம் வட்டமே இல்லை," என்று எல்லார் முன்னாலும் சொன்னாள்.

"அளந்து பாரேன்."

நாத்தனார் சக்கரங்களைக் கழற்றி, சபை நடுவிலேயே வெர்னியரை வைத்தாள். பதினைந்து. திருப்பினாள். பதினைந்து. சித்தப்பா வாங்கி அவர் பங்குக்கு வைத்துப் பார்த்தார். பதினைந்து.

கடைசல்காரி எழுந்தாள். நாலு சக்கரத்தையும், அச்சில் மாட்டாமல், தரையில் நிமிர்த்தி வைத்து மேலே ஒரு பலகையைப் போட்டாள். அதன்மேல் ததும்பத் ததும்ப ஒரு தம்ளர் சாறு. "நீயே தள்ளும்மா."

நாத்தனார் தள்ளினாள். பலகை வெண்ணெயில் வழுக்குவதுபோல நகர்ந்தது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. சிந்தாது. அச்சு இருந்தால்தான் நடுவின் ஏற்றத்தாழ்வு வெளியே தெரியும். சக்கரத்தின் மேலேயே கிடக்கும் பலகைக்கு அகலம் மட்டும்தான் கணக்கு, அகலம் மாறவே இல்லையே.

அன்று இருமும்வரை சிரித்த அதே சித்தப்பா தீர்ப்புச் சொன்னார்: "சக்கரம் சரியாத்தான் இருக்கு. தள்ளுற கைதான் கோணல்."

கூடமே சிரித்தது. கோணக்கை என்ற பெயர் சாப்பாடு முடிவதற்குள் பொடிசுகளின் வாய்க்குப் போய்விட்டது. கடைசல்காரி சிரிக்கவில்லை. தன் தம்ளரை நிதானமாகக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

மறுநாள் நாத்தனார் பட்டறைக்குத் தனியாக வந்தாள். சக்கரங்களைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். ராத்திரி தூங்காத கண்.

"இதுல என்னமோ பண்ணியிருக்கீங்க அண்ணி. எனக்குத் தெரியுது. என்னன்னுதான் தெரியலை."

கடைசல்காரிக்கு நாக்கு துறுதுறுத்தது. முக்கோணம், ஆறு வில், எல்லாவற்றையும் படம் போட்டுக் காட்ட அவளுக்கு எவ்வளவு ஆசை என்று அவளுக்குத்தான் தெரியும். ஆனாலும் அடக்கிக்கொண்டாள்.

"உங்க அம்மா வீட்டுப் பின்கட்டுல ட்ரம்மு மேல ஒரு மூடி கிடக்குது. டேப்பை அதுமேல வச்சு மெல்ல நகர்த்து. எங்கே அதிகமா காட்டுதோ அந்தக் கோடு நடு வழியாப் போகுது. அதே மாதிரி குறுக்கே இன்னொரு கோடு பிடி. ரெண்டும் வெட்டுற இடம்தான் நடு. அது வழியா எந்தப் பக்கம் வேணும்னாலும் அள. அப்புறம் அன்னைக்குச் சிரிச்சவங்க அத்தனை பேரையும் உட்கார வச்சு, என்ன வந்துதுன்னு உன் வாயால சொல்லு. அங்கேயே நானும் இதைச் சொல்றேன்."

"அப்போ நீங்க பண்ணினதை ஒத்துக்கணுமே."

"ஒத்துக்கறேன். படமே போட்டுக் காட்டறேன்."

நாத்தனார் சக்கரங்களை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். மண்டபத்தில் இப்போது தட்டில் வைத்துக் கையால்தான் பரிமாறுகிறார்களாம்.

பட்டறை அலமாரியில் கடைசல் எந்திரத்தில் கடைந்த நாலு சக்கரங்கள் தயாராக இருக்கின்றன, அப்பழுக்கில்லாத வட்டம். வருகிறவர்கள் விலை கேட்டால், அது ஒருத்தருக்காக வைத்தது என்பாள். புருஷன் சாப்பாட்டின்போது, போனது போகட்டும், தங்கச்சிதானே, என்று ஒருநாள் ஆரம்பித்தான். கடைசல்காரி அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றை வைத்து, "அன்னைக்குச் சிரிச்சவங்கள்ல நீங்களும் ஒருத்தர். கூப்பிட்டா வந்து உட்காருங்க," என்றாள்.

பிறகு போய்ச் சக்கரங்களின் தூசியைத் துடைத்து, எண்ணெய் தடவி, மறுபடி அலமாரியில் வைத்தாள்.