முடிச்சில்லாத நண்டு

ஆறு வாரப் பயிற்சியில் எனக்குத்தான் முதல் சான்றிதழ். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். கட்டம் கட்டமாக ஓட்டை இருக்கும் கெட்டியான கேன்வாஸ் துணியில், ஒரு கட்டம் விடாமல் உல்லன் நூலால் அடைத்துப் படம் கொண்டுவரும் தையல் அது. மாமல்லபுரத்து வகுப்பில் பதினாலு பேர். மற்றவர்கள் ஊசியில் நூல் கோத்து முடிப்பதற்குள் நான் ஒரு வரிசை தைத்திருப்பேன். சதுரங்கப்பட்டினத்தில் பதினைந்து வருடமாக வலை பழுது பார்க்கிற கை இது. அது ஆம்பிளை வேலை என்பார்கள். கல்யாணமாகி வந்த மறுவாரமே வலை ஊசியை நான் பிடுங்கிக்கொண்டேன்.

சான்றிதழ் கொடுத்த கையோடு ஜாக்குலின் டீச்சர் இன்னொன்றும் சொன்னாள். செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண், என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். ஒரு விடுதிக்கு எட்டுச் சாப்பாட்டு நாற்காலிகள், அவற்றுக்கு இருக்கைத் துணி தைக்க வேண்டுமாம். வகுப்பில் அச்சடித்த படத்தின்மேல் தைத்துப் பழகியது இனிச் செல்லாது. வெறும் கேன்வாஸில் சொந்தமாக ஒன்று தைத்துக் காட்டுகிறவர்களுக்கு ஆளுக்கொரு நாற்காலி. மற்றவர்கள் அந்தப் படங்களைச் சுற்றி ஓரத்து நீலத்தை நிரப்பிக் கொடுக்கலாம்.

எனக்கு நாற்காலி வேண்டும். அடுத்தவள் படத்துக்கு நான் ஓரம் அடைப்பதா?

பத்தே நாளில் ஒன்றரைச் சாண் துணியில் ஒரு நண்டைத் தைத்துக் கொண்டுபோனேன். சிவப்பு நண்டு, கொடுக்கில் ஆரஞ்சு, சுற்றிலும் ஈர மணல் நிறம். ஜாக்குலின் அதைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினாள்.

"இன்னாக்கா, உள்ள பட்டாணி ஒளிச்சு வச்சிகிறீங்களா?"

வகுப்பே சிரித்தது. துணியைத் திருப்பினாள். நூல் தீர்ந்த இடம், நிறம் மாறிய இடம் எல்லாம் முடிச்சு.

"முடிச்சு போடக்கூடாதுன்னு மொத நாளே சொன்னேனே."

சொன்னாள்தான். வகுப்பில் அவள் பக்கத்தில் நின்றதால் தப்பித்தேன். வீட்டில் விரல் பழைய புத்திக்குப் போய்விட்டது. வலைக்கு முடிச்சுதான் உயிர். கண்ணுக்குக் கண் முடிச்சு இருந்தால்தான் ஒன்று அறுந்தாலும் பக்கத்தது நிற்கும். வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்க, விரல் தானாக முடிச்சைப் போட்டுவிடும். இத்தனை முடிச்சுப் போட்டிருக்கிறேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"முடிச்சில்லன்னா பிரிஞ்சிடும் டீச்சர்."

"பிரியாதுக்கா. நூல் முனைய பின்னால கீற தையலுக்கு அடியில ஒரு இன்ச் வுட்டு இழுங்க, போதும். உக்கார்ற சீட்டுல முடிச்சு இருந்தா குத்தும். ரெண்டு வாரம் டைம் தர்றேன்."

வீடு வந்து சேரும்வரை எனக்கு ஆறவில்லை. என் வீட்டுக்காரர் சுதாகர் எனக்குப் பரிந்து பேசினார். "முடிச்சில்லாம எப்டிமே நிக்கும்? அந்தப் பொண்ணு வலைய கண்டுகிதா, கடல கண்டுகிதா?" அவர் என் பக்கம் பேசியதுதான் என்னைச் சந்தேகப்பட வைத்தது. கையகலத் துண்டில் முடிச்சே இல்லாமல் தைத்து அவரிடம் நீட்டினேன்.

"இந்தாய்யா, நூல இழு."

வலை இழுக்கிற இழுப்பு இழுத்தார். துணி வளைந்தது, நூல் வரவில்லை. வாளியில் ஊறப்போட்டுத் துவைக்கிற கல்லில் அடித்துப் பார்த்தேன். அப்போதும் வரவில்லை. அக்கம்பக்கத்துத் தையல்கள் அதை நெருக்கிப் பிடித்திருந்தன. அன்றுதான் நம்பினேன். வாயால் சொன்னால் நம்புகிற ஆள் நான் இல்லை.

புது நண்டு ஆரம்பித்தேன். ஒவ்வொரு முறை நூல் தீரும்போதும் "முடிச்சில்ல" என்று உரக்கச் சொல்லிக்கொள்வேன். உள்ளே சோறு தின்றுகொண்டே சுதாகரும் "முடிச்சில்ல!" என்று கத்துவார். நல்ல வேளை, கையில் ஊசிதான் இருந்தது.

ஐந்தாம் நாள் வேறு வம்பு. சதுரமாக இருந்த துணி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு நின்றது. தையல் எல்லாம் ஒரே பக்கம் இழுக்கிறது என்று பார்த்ததுமே தெரிந்தது. வகுப்பில் கொடுத்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் மூலைவாட்டில் தைக்கும் முறை ஒன்று இருந்தது. வெறும் ஷோ என்று நான் அதைத் தள்ளியிருந்தேன். இப்போது உட்கார்ந்து படித்தேன். படி இறங்குவதுபோல் ஒரு வரிசை, படி ஏறுவதுபோல் அடுத்தது. பின்பக்க நூல்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்வதால் துணி சாயாது.

அதுவரை தைத்த அரை நண்டைப் பிரித்தேன். பிரிக்கும்போது அழுதேன், அதையும் மறைக்கவில்லை. அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, முதல் படியில் ஊசியை இறக்கினேன். மூன்று வரிசையிலேயே கைக்குப் பிடிபட்டுவிட்டது. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் கூடை முடைந்தது போல இருந்தது. முன்பக்கத்தைவிட அதுதான் எனக்கு அழகாகப் பட்டது.

சனிக்கிழமை ஜாக்குலின் கண்ணை மூடித் தடவினாள். திருப்பினாள். விடுதி நாற்காலிகளைச் செய்கிற ஆசாரி மோசஸைக் கூப்பிட்டு, அதை ஒரு ஸ்டூலில் இழுத்து அடிக்கச் சொன்னாள்.

"உக்காருங்கக்கா."

இரண்டு வாரமாக இதைச் சுதாகர் தொட்டால்கூடக் கத்தியிருக்கிறேன். நான் எழுபத்தெட்டு கிலோ.

"நம்ம வேலைல நம்மளே உக்கார பயந்தா எப்டிக்கா?"

உட்கார்ந்தேன். மெதுவாக இல்லை, பஸ்ஸில் ஜன்னல் சீட்டைப் பிடிக்கிற மாதிரி தொப்பென்று. இப்படியும் அப்படியும் அசைந்து பார்த்தேன். கீழே எதுவும் குத்தவில்லை. பதின்மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள்.

"போதும், ஏந்திரிங்கக்கா. ஒரு நாற்காலி உங்களுக்குத்தான்."

"எந்த நாற்காலி?"

"எல்லாம் ஒண்ணுதானேக்கா?"

"மேசைக்குத் தலைப்பக்கம் போடுவாங்களே, கை வச்ச நாற்காலி. அதுல சீட்டு பெருசு. அதான் வோணும்."

ஜாக்குலின் சிரித்துக்கொண்டே நோட்டை எடுத்தாள். அவள் என் பெயரை எழுதி முடிக்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை.